சொம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கற்குழிகளும் மனிதனின் தொன்மையும்

எழுத்துத் தோன்றுவதற்கு முற்பட்ட மனிதனை அறிய முயலும் வரலாற்று மாணவனுக்குக் கிடைக்கும் சான்றுகள் மிகச் சில. அம்மனிதன் உடுத்த தோலும், மரத்தாற் செய்த கருவியும், பேசிய மொழியும் அழிந்தொழிந்தன. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கற்களே. ஆயின் கல் தானாக முன்வந்து சாட்சி சொல்வதில்லை. அது எவ்விடத்தில், எவ்வடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பது தெரிந்தாலன்றி அதன் காலத்தைக் கூறல் இயலாது. இன்று முதலாண்டு மாணவரும் அறிந்திருக்கும் இவ்வுண்மை எளிதில் நிலைநாட்டப்பட்டதொன்றன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வட பிரான்சின் சொம் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள சரளைக்கற் குழிகளில், நீண்ட விவாதங்களுக்கும் ஒரு பெரும் மோசடிக்கும் பின்னரே அது உறுதிப்பட்டது. மனிதனின் தொன்மை பற்றிய கருத்து அக்குழிகளில் எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், ஒரு பொய்ச்சான்று மெய்ச்சான்றுகளுக்கு இழைத்த தீங்கு எத்தகையது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் கல்லும்

சொம் ஆறு வட பிரான்சின் பிக்கார்டிப் பிரதேசத்தில் ஊற்றெடுத்து, அமியென், அப்வில் ஆகிய நகரங்களின் வழியாக மேற்கு நோக்கி ஓடி ஆங்கிலக் கால்வாயிற் கலக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 245 கிலோமீற்றர். வேகமற்ற, சதுப்புகளும் குளங்களும் நிறைந்த ஆறு அது. அது ஊடறுத்துச் செல்லும் நிலம் முழுவதும் வெண்சுண்ணப் பாறையால் ஆனது. வகுப்பறை வெண்கட்டியை ஒத்த மென்மையான இப்பாறை ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியிற் படிந்தது. அப்பாறையினுள்ளே வரிசை வரிசையாகப் பதிந்து கிடப்பது சக்கிமுக்கிக்கல் எனப்படும் தீக்கல்லாகும். கடற்பஞ்சு முதலிய சிற்றுயிர்களின் உடலிலிருந்த சிலிக்கா கரைந்து, மீண்டும் இறுகி, கட்டிகளாகத் திரண்டமையால் உண்டானது அது. நகத்தாற் கீறக்கூடிய சுண்ணப் பாறையின் நடுவே உருக்கினாலும் கீற இயலாத கல் விளைந்திருப்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

மென்மையான பாறையை ஆறு அரித்துச் சென்றபோது தீக்கற் கட்டிகள் கரையாது எஞ்சின. பனிக்கட்டிக் காலங்களில் மரஞ்செடிகளற்ற சரிவுகளிலிருந்து இக்கற்கள் பெருமளவில் ஆற்றினுள் வந்து விழுந்தன. பல கிளைகளாகப் பிரிந்தோடிய ஆறு அவற்றைச் சரளைப் படுக்கைகளாகப் பரப்பிற்று. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருந்தமையால் காலநிலை மாறிய வேளைகளில் ஆறு தன் படுக்கையை வெட்டிக் கீழிறங்கியது. பழைய படுக்கை பள்ளத்தாக்கின் பக்கத்தில் ஒரு படியாக மேலே நின்றுவிட்டது. ஏறத்தாழ பத்து இலட்சம் ஆண்டுகளாக இவ்வாறு நிகழ்ந்ததன் பயனாக, இன்றைய ஆற்றுக்கு மேலே பத்துப் படிமேடைகள் அமைந்துள்ளன. அவற்றுள் உயர்ந்தது பள்ளத்தாக்கின் அடிப்பாறைக்கு ஏறத்தாழ 55 மீற்றர் மேலே காணப்படுகின்றது. ஒரே மேடையில் மேலடுக்கு புதியது, கீழடுக்கு பழையது. ஆயின் மேடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது உயரத்திலுள்ளதே பழையதாகும். இவ்விரு விதிகளையும் ஒருங்கே மனத்திற்கொண்டால், சொம் பள்ளத்தாக்கு ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்ட ஓர் ஏட்டுத் தொகுதியைப் போன்றது என்பது விளங்கும். மேடைகளின் மீது காற்று கொணர்ந்து படிவித்த மென்மண் போர்வையாக மூடிக் காத்தமையால் அவ்வேடுகளுட் பல சிதையாது நின்றன.

இப்பள்ளத்தாக்கிற்கு ஆதிமனிதனை ஈர்த்தவற்றுள் தீக்கல் முதன்மையானது. பிற்காலத்தில் வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் சரளை தேடிய தொழிலாளரை ஈர்த்ததும் அதே கல்தான். ஒரே பொருளை நாடி ஒரே இடத்திற்கு வந்த இவ்விரு சாராரும் எதிர்பாராத வகையிற் சந்தித்ததன் விளைவே இங்கு கூறப்படும் வரலாறு.

கல்லில் மனிதனின் கை

தீக்கல்லை ஆதிமனிதன் விரும்பியமைக்குக் காரணம் அது உடையும் முறையாகும். மரத்திற்கு உள்ளது போன்ற நார்வரியோ, பலகைக் கல்லுக்கு உள்ளது போன்ற அடுக்குத் தளமோ அதற்கு இல்லை. ஆதலால் அடிப்பவன் விரும்பிய திசையில் அது பிளக்கும். விளிம்பருகே தக்க கோணத்தில் வேறொரு கல்லால் அடித்தால், அடியின் விசை கூம்புருவிற் பரவி, சங்கின் உட்புறம் போன்ற வளைந்த பரப்புடன் ஒரு செதில் கழலும். அச்செதிலின் உட்புறத்தில், அடிவிழுந்த இடத்தருகே ஒரு சிறு குமிழும் அதைச் சூழ நீரலை போன்ற வரைகளும் காணப்படும். செதிலின் விளிம்பு மிகக் கூரியது. தோலையும் தசையையும் எளிதில் வெட்டக்கூடியது. ஒரு கட்டியின் இரு முகங்களிலிருந்தும் மாறி மாறிச் செதில்களைக் கழற்றி, ஒரு முனை கூரியதாகவும் மறுமுனை கையிற் பிடிக்கத் தக்கதாகவும் அமைப்பின் அது கைக்கோடரியாகும். தொடக்கத்தில் கற்சம்மட்டியும், பின்னர் மேற்பரப்பை மெலிதாக்க மான்கொம்பு போன்ற மென்சம்மட்டியும் பயன்பட்டன.

உறைபனியும் ஆற்று வெள்ளமும் கற்களை உடைப்பதுண்டு. ஆயின் அவை உடைக்கும்போது ஒழுங்கு தோன்றுவதில்லை. ஒரு செதில் கழன்ற தழும்பின் விளிம்பையே அடுத்த அடிக்குத் தளமாகக் கொண்டு, முன்பின்னாக இருபது முப்பது அடிகளை ஒரே உருவத்தை நோக்கிச் செலுத்துவது திட்டமிடும் மனத்திற்கே இயலும். எனவே கைக்கோடரியிற் காணப்படும் சமச்சீர், செய்வதற்கு முன்னரே உருவத்தை எண்ணிப் பார்த்த ஒருவன் இருந்தமைக்குச் சான்றாகும். தீக்கல் கிடையாத நாடுகளிற் கிடைத்த கல்லுக்கேற்பவே கருவி அமைந்தது. தமிழ்நாட்டின் தொன்மாந்தர் குவாட்சைற் கல்லையும், காலத்தாற் பெரிதும் பிற்பட்ட இலங்கையின் நுண்கற்கருவியாளர் பெரும்பாலும் குவாட்ஸ் என்னும் வெண்கல்லையும் பயன்படுத்தினர்.

ஆகவே ஒரு கல் கருவியா அன்றா என்பதைக் கல்லே சொல்லும். அது எக்காலத்துக் கருவி என்பதை மட்டும் அது கிடந்த இடமே சொல்ல வேண்டும். சொம் பள்ளத்தாக்கில் எழுந்த விவாதம் முழுவதும் இவ்விரண்டாவது வினாவைப் பற்றியதாகும்.

சுங்க அதிபதியும் பூனை நாக்குகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய அறிஞர் பலர் மனித வரலாற்றை ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுள் அடக்கினர். விவிலிய வமிசாவளிகளைக் கணித்து, உலகம் கி. மு. 4004 இற் படைக்கப்பட்டதெனப் பேராயர் அஷர் பதினேழாம் நூற்றாண்டிற் கூறியதன் செல்வாக்கு அப்போதும் நீங்கவில்லை. புவியின் தொன்மையை ஒப்புக்கொண்ட புவிச்சரிதவியலாளரும் மனிதனை அத்தொன்மையிற் சேர்க்கத் தயங்கினர். அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளை ஆராய்வதிற் தலைசிறந்தவரான குவியே, அவ்விலங்குகளோடு மனிதன் வாழ்ந்தமைக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்ற கருத்தை விட்டுச் சென்றிருந்தார். 1797 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹொக்சன் என்னும் ஊரில், செங்கற் களிமண் வெட்டிய குழியில் ஆழத்திற் கிடைத்த கைக்கோடரிகளைப் பற்றி ஜோன் பிறெயர் என்பார் எழுதியிருந்தார். அக்கட்டுரை 1800 இல் அச்சேறியும் எவருடைய கவனத்தையும் ஈர்க்கவில்லை. சான்று வெளிவருவது மட்டும் போதாது, அதை ஏற்கும் மனநிலையும் உருவாகவேண்டும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அப்வில் நகரிற் சுங்க அதிபதியாகப் பணியாற்றியவர் ஜாக் பூஷே டி பேர்த் (1788 – 1868). நாடகமும் கவிதையும் அரசியற் கட்டுரையும் எழுதிய இவர், உள்ளூர் அறிஞர் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். அந்நகரின் வைத்தியரான கசிமிர் பிக்கார் பள்ளத்தாக்கின் கற்கருவிகளை முறையாக ஆராயத் தொடங்கியிருந்தார். அவர் 1841 இல் இளவயதில் இறந்தபின், பூஷே டி பேர்த் அப்பணியைத் தமதாக்கிக்கொண்டார். அக்காலத்தில் அப்வில், அமியென் ஆகிய நகரங்களைச் சூழக் குழிகள் பல திறக்கப்பட்டிருந்தன. இரு நகரங்களையும் இணைக்கும் புகையிரதப் பாதை 1847 இல் திறக்கப்பட்டது. பாதைக்கும் வீதிக்கும் கட்டடத்திற்கும் சரளையும் மணலும் வேண்டியிருந்தன. மண்வெட்டியும் இருப்புக்கோலும் கொண்டு வேலைசெய்த தொழிலாளர், சரளையினிடையே அவ்வப்போது நாக்கு வடிவான கற்களைக் கண்டனர். அவற்றை அவர்கள் ‘பூனை நாக்கு’ என்று அழைத்தனர். அறிஞர் உலகம் பெயரிடுவதற்கு முன்னரே அக்கற்களை வேறுபடுத்தி அறிந்து பெயரிட்டவர் அத்தொழிலாளரே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

பூஷே டி பேர்த் தொழிலாளருக்குச் சிறு தொகை கொடுத்து அக்கற்களை வாங்கினார். மாமூத்து யானை, கம்பளிமயிர்க் காண்டாமிருகம் முதலியவற்றின் எலும்புகள் கிடந்த அதே படுக்கைகளிற் கருவிகளும் கிடப்பதை அவர் கண்டார். அவ்விலங்குகளின் காலத்தில் மனிதனும் வாழ்ந்தான் என்பதே அவரது முடிவு. இக்கருத்தை விளக்கிய அவரது நூலின் முதற்றொகுதி 1847 என்று ஆண்டு பொறிக்கப்பெற்று 1849 இல் வெளிவந்தது. பாரிசின் அறிஞர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்களது அலட்சியத்திற்குக் காரணம் இல்லாமலுமில்லை. நூலிலிருந்த படங்கள் தெளிவற்றவை. இயற்கையாகவே விசித்திர உருவம் பெற்ற கற்களைப் பறவையென்றும் விலங்கென்றும் மனித முகமென்றும் கண்டு, அவற்றைச் சிற்பங்களாகவே ஆசிரியர் கொண்டார். பெருவெள்ளத்தில் அழிந்த ஒரு பழைய மனித இனத்தின் கைவேலையே இவை என்பதும் அவர் துணிபு. முடிவு சரியானதாக இருப்பினும் அதற்குக் காட்டிய காரணங்கள் பலவீனமானவையாயின், முடிவும் சேர்ந்தே தள்ளப்படும் என்பதை அவரது அனுபவம் காட்டுகின்றது.

அவரை ஏற்க மறுத்தவருள் அமியென் நகரத்து வைத்தியரான றிகொலோவும் ஒருவர். ஆயின் அமியெனின் புறத்தேயுள்ள சென்ற் அஷேல் குழிகளைத் தாமே நேரிற் பார்வையிட்ட பின்னர், 1854 இல் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கருவிகள் கலைக்கப்படாத சரளைப் படுக்கையிலேயே கிடக்கின்றன என்று ஆய்வறிக்கையொன்றை எழுதி, அவ்வாண்டின் இறுதியிலேயே மறைந்தார்.

1859: கிடந்த இடத்திற் கண்ட சாட்சி

மாற்றம் பிரான்சிலிருந்தன்றி இங்கிலாந்திலிருந்தே வந்தது. 1858 இல் டெவன் மாவட்டத்து பிறிக்சம் குகையிற் குழுவொன்றின் மேற்பார்வையில் நடைபெற்ற அகழ்வில், உறைந்து கல்லான சுண்ணத் தளத்தின் கீழே, அழிந்த விலங்குகளின் எலும்புகளோடு தீக்கற் கருவிகள் கிடைத்தன. அவ்வகழ்வோடு தொடர்புடையவரும், முன்னர் இந்தியாவின் சிவாலிக் மலைகளில் விலங்குச் சுவடுகளை ஆராய்ந்து புகழ்பெற்றவருமான ஹியூ பல்கனர், அவ்வாண்டு நவம்பரில் சிசிலிக்குச் செல்லும் வழியில் அப்வில் நகரில் இறங்கினார். பூஷே டி பேர்த்தின் சேகரிப்பைப் பார்த்து வியந்த அவர், புவிச்சரிதவியலாளரான ஜோசப் பிறெஸ்ற்விச்சை அங்கு செல்லுமாறு கடிதத்தில் வற்புறுத்தினார்.

1859 ஏப்ரல் மாதத்தில் பிறெஸ்ற்விச்சும் அவரது நண்பர் ஜோன் எவான்சும் சொம் பள்ளத்தாக்கிற்குச் சென்றனர். முன்னவர் திராட்சைமது வாணிகர். பின்னவர் கடதாசி உற்பத்தியாளர். இருவரும் ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்தவர்களேயாயினும் சான்றை எடைபோடுவதில் மிகுந்த கண்டிப்புடையவர்கள். தொழிலாளர் கையிலிருந்து வாங்கிய கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அதனால் எதுவும் நிறுவப்படாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கருவி படுக்கையில் பதிந்திருக்கும் நிலையிலேயே அதைத் தாம் காணவேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. அவர்கள் அப்வில் நகரில் இருந்தபோது, சென்ற் அஷேல் குழியில் அத்தகைய கருவியொன்று தென்படுகின்றது என்று தந்தி வந்தது. உடனே புகையிரதத்தில் அமியெனுக்குச் சென்ற இருவரும், ஏப்ரல் 27 ஆம் நாள், குழியின் செங்குத்துச் சுவரில், கலைக்கப்படாத சரளையினுள்ளே ஒரு கைக்கோடரியின் விளிம்பு வெளித்தெரிவதைக் கண்டனர். அதை எடுப்பதற்கு முன்னர்ப் புகைப்படக்காரர் ஒருவரைக் கொண்டு படம் பிடிப்பித்தனர். அப்படத்தில் தொழிலாளி ஒருவர் கருவி இருக்கும் இடத்தைக் கையாற் சுட்டிக்காட்டி நிற்கின்றார். அவர் பெயர் எவருக்கும் தெரியாது. ஆயினும் மனிதனின் தொன்மைக்குக் கிடைத்த முதற் புகைப்படச் சாட்சியில் அவரது விரல் நிலைபெற்றுள்ளது.

அவர்கள் கவனித்த மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. காவிநிறச் சரளையிற் கிடந்த கருவிகள் காவிநிறம் ஏறியும், வெண்சுண்ணப் பொடியிற் கிடந்தவை வெண்மை படர்ந்தும் காணப்பட்டன. கருவியின் நிறமும் அது கிடந்த படுக்கையின் நிறமும் ஒன்றுபட்டமை, அது அங்கேயே நெடுங்காலம் கிடந்தது என்பதற்குக் கருவியே தரும் உறுதிமொழியாயிற்று.

1859 மே 26 இல் பிறெஸ்ற்விச் தமது கட்டுரையை இலண்டன் வேத்தியற் கழகத்திற் படித்தார். ஜூன் 2 இல் எவான்ஸ் தொல்பொருளாளர் கழகத்தில் உரையாற்றினார். தமது பயணத்திற்குப் பின்னர் அக்கழகத்தின் கட்டடத்தில் பிறெயர் அனுப்பிய ஹொக்சன் கருவிகளைக் கண்டு, அவை சொம் கருவிகளை ஒத்திருப்பதை உணர்ந்தவரும் அவரே. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிய சான்று இவ்வாறு விழித்தது. அதே கோடையில் பிரெஞ்சு அறிஞர் கோட்றி, சென்ற் அஷேலில் தொழிலாளரின் பக்கத்திலேயே நின்று அகழ்ந்து, கைக்கோடரிகள் ஒன்பதைத் தம் கண்முன்னே வெளிப்படுத்தினார். செப்ரெம்பரில் புவிச்சரிதவியலின் தலைவரெனப் போற்றப்பட்ட சார்ள்ஸ் லயெல் தம் இசைவைப் பகிரங்கமாகத் தெரிவித்தார். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது அவ்வாண்டு நவம்பரிலேயாம். மனிதனின் தொன்மை டார்வினின் கொள்கையிலிருந்து பெறப்பட்டது எனப் பலர் கருதுவது பொருந்தாது. அது குழிச்சுவரிலிருந்து தனித்தே பெறப்பட்டது. 1872 இல் மோர்ட்டிலே என்னும் பிரெஞ்சு அறிஞர், சென்ற் அஷேலின் பெயரால் கைக்கோடரிப் பண்பாட்டிற்குப் பெயரிட்டார். தமிழ் நூல்களில் அச்சூலியன் பண்பாடு என வழங்கப்படுவது இதுவே.

ஒரு தாடையெலும்பின் கதை

கருவிகள் ஏற்கப்பட்டன. அவற்றைச் செய்தவன் எங்கே என்ற வினா எழுந்தது. சொம் சரளையில் மனித எலும்பு எதுவும் கிடைத்திராமை பூஷே டி பேர்த்தின் மனத்தை உறுத்தியது. முதல் மனித எலும்பைக் கண்டெடுப்பவருக்கு 200 பிராங்கு வெகுமதி தருவதாக அவர் அறிவித்தார். ஒரு குழித் தொழிலாளியின் நாட்கூலியோடு ஒப்பிடுகையில் அது பெருந்தொகை. 1863 மார்ச் 28 இல் அப்வில் நகரருகே மூலேன் கினியோன் என்னும் குழியில், கரிய படுக்கையொன்றிலிருந்து மனிதத் தாடையெலும்பொன்றை அவரே தம் கையால் எடுத்தார்.

செய்தி இரு நாடுகளிலும் பரபரப்பை உண்டாக்கிற்று. ஆங்கில அறிஞர் சிலர் எலும்பின் தொன்மையை ஐயுற்றனர். அதனுடன் கிடைத்த கைக்கோடரிகள் புதியனவாகச் செதுக்கப்பட்டவை போலத் தோன்றின. பிரெஞ்சு அறிஞரோ உறுதியாக நம்பினர். மே மாதத்தில் இரு நாட்டு அறிஞரும் சேர்ந்த ஆணைக்குழு பாரிசிலும் பின்னர்க் குழியிலும் கூடி விசாரித்தது. அவர்கள் கண்முன்னே தொழிலாளர் மேலும் சில கைக்கோடரிகளைத் தோண்டியெடுத்தனர். மோசடி நிகழவில்லை என்பதே ஆணைக்குழுவின் பெரும்பான்மை முடிவாயிற்று. எவான்ஸ் இதனை ஏற்கவில்லை. அவர் ஜூன் மாதத்தில் ஹென்றி கீப்பிங் என்ற அனுபவமுள்ள அகழ்வாளரை அனுப்பி, நாள்தோறும் குழியில் நின்று கவனிக்கச் செய்தார். தொழிலாளர் கருவிகளைச் செதுக்கிச் சரளையினுட் செருகிவைக்கின்றனர் என்பதை கீப்பிங் கண்டறிந்தார். கருவிகளில் நிறமேற்றமோ தேய்வோ இல்லை. அவற்றைச் சுற்றியிருந்த மண்ணிற் செருகிய அடையாளம் தெரிந்தது.

இம்மோசடிக்குத் தொழிலாளரை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. கருவிக்கொரு விலையும் எலும்புக்கொரு பரிசும் வைத்தபின், குழி பொருளைத் தராத நாட்களில் கை அதைத் தந்துவிடுகின்றது. குறைந்த கூலிக்கு உழைத்த அவர்கள், அறிஞர் எதை விரும்புகின்றனர் என்பதை நன்கறிந்திருந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்ற் அஷேலிற் கண்டிப்பாகக் கைக்கொள்ளப்பட்ட விதி, தாம் காண விரும்பிய பொருள் கண்முன் வந்தபோது தளர்த்தப்பட்டது என்பதே இந்நிகழ்ச்சியின் சாரம். படுக்கையில் இருக்கக் கண்டோம் என்பது மட்டும் போதாது, அப்படுக்கை கலையாததுதானா என்பதையும் சோதித்தல் வேண்டும் என்ற பாடத்தை அறிவுலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. பூஷே டி பேர்த் இறுதிவரை அவ்வெலும்பை நம்பியே 1868 இற் காலமானார்.

பல்லாவரத்துச் சரளைக்குழி

பாரிசில் ஆணைக்குழு கூடிய அதே 1863 மே மாதத்தில், தமிழகத்திலும் ஒரு சரளைக்குழியில் வரலாறு தொடங்கிற்று. இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த றொபேட் புறூஸ் பூட், பிறெஸ்ற்விச் முதலியோரின் சொம் ஆய்வுகளை அறிந்திருந்தவர். அத்தகைய கருவிகள் தென்னிந்தியாவிலும் இருத்தல் கூடும் என்ற எண்ணத்துடன் அவர் தேடினார். மே 30 ஆம் நாள் சென்னைக்கருகே பல்லாவரத்தில், செம்புறைச் சரளை வெட்டிய குழியொன்றின் சிதைவுகளிடையே ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். குழிச்சிதைவிற் கிடந்த கருவி சான்றாகாது என்பதை உணர்ந்த அவர், படுக்கையிற் பதிந்த கருவிகளைத் தொடர்ந்து தேடி, அவ்வாண்டு செப்ரெம்பரில் தம் உடனலுவலர் வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கின் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு இவ்வாறே பிறந்தது. சாந்தி பப்புவின் தலைமையில் அங்கு நடைபெற்ற அகழ்வுகளின் முடிவுகள் 2011 இல் வெளிவந்தபோது, அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, ஏறத்தாழ பதினைந்து இலட்சம் ஆண்டுகள் வரை பழைமையானவை எனத் தெரியவந்தது. சொம் பள்ளத்தாக்கிற் கற்ற முறை கொற்றலையாற்றில் விதைக்கப்பட்டு, சொம் கருவிகளினும் பழைய கருவிகளை வெளிக்கொணர்ந்தமை நோக்கற்பாலது.

ஆசிரியர் கொமோனும் ஆதிக் கல்லகழ்விடமும்

சொம் பள்ளத்தாக்கின் ஆய்வை அறிவியல் நெறியில் நிறுத்தியவர் அமியென் நகரின் பாடசாலை ஆசிரியரான விக்ரர் கொமோன் (1866 – 1918) ஆவார். குழிகள் வெட்டப்பட வெட்டப்பட அவற்றின் சுவர்கள் மறைந்துகொண்டிருந்தன. கொமோன் அடிக்கடி அங்கு சென்று, ஒவ்வோர் அடுக்கையும் அளந்து வரைந்து, எவ்வடுக்கில் எக்கருவி கிடந்தது என்பதைக் குறித்தார். அழகிய கைக்கோடரிகளை மட்டும் பொறுக்காது, செதிலையும் கழிவுக்கல்லையும் அவர் சேர்த்தார். தொழிற்கூடமொன்றில் ஆதிமனிதன் செதுக்கிவிட்டுச் சென்ற துணுக்குகள் அவனது செய்முறையைக் கூறுகின்றன. முழுமையான கருவியோ செய்முறையின் முடிவை மட்டுமே கூறுகின்றது. குழிகள் தூர்ந்தும் வீடுகளால் மூடப்பட்டும் போன பின்னர், அவரது குறிப்புகளே அவற்றின் எஞ்சிய சான்றுகளாக நின்றன.

அமியெனுக்கு அண்மையிலுள்ள கானி என்னும் ஊரிற் பிற்காலத்தில் அலேன் துப்றோ முதலியோர் மேற்கொண்ட அகழ்வுகள் மற்றோர் உண்மையை விளக்கின. அங்கு நாலு இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மாந்தர், வெண்சுண்ணச் சரிவின் அடியில், ஆற்றங்கரையிலேயே தங்கினர். சரிவிலிருந்து உருண்டு விழுந்த புதிய தீக்கற் கட்டிகளை அவர்கள் தெரிந்தெடுத்து, அவ்விடத்திலேயே செதுக்கிப் பயன்படுத்தினர். சுரங்கம் தோண்டிக் கல்லெடுக்கும் வழக்கம் தீக்கல் நாடுகளிற் புதிய கற்காலத்திலேயே வளர்ந்ததாயினும், நல்ல கல் வெளித்தோன்றும் இடத்தை அறிந்து மீண்டும் மீண்டும் அங்கு வரும் வழக்கம் மிகப் பழையது என்பது இதனாற் புலப்படுகின்றது. நீரும், நீர்தேடி வரும் விலங்கும், அவ்விலங்கை அறுக்கும் கல்லும் ஒருங்கே அமைந்த இடங்கள் அவை.

மீண்டும் மூலேன் கினியோன்

மோசடி வெளிப்பட்ட பின்னர் மூலேன் கினியோன் என்ற பெயரே ஆய்வாளரால் ஒதுக்கப்படுவதாயிற்று. பொய்க்கருவிகளோடு மெய்க்கருவிகளும் அங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பார் அரிதாயினர். குழியும் தூர்ந்து, நகரம் அதன்மீது பரந்தது. ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், பியர் அந்துவான், மாரி எலேன் மொன்செல் முதலிய பிரெஞ்சு அறிஞர் அவ்விடத்தை மீண்டும் கண்டுபிடித்து அகழ்ந்தனர். 2019 இல் வெளியான அவர்களின் முடிவுகள் வியப்பிற்குரியவை. கலையாத ஆற்றுப்படுக்கையில், கைக்கோடரிகள் ஐந்து உட்பட இருநூற்றுக்கு மேற்பட்ட கருவிகளும் செதில்களும் கிடைத்தன. அப்படுக்கையின் காலம் ஏறத்தாழ ஆறரை இலட்சம் ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. வடமேற்கு ஐரோப்பாவிற் கைக்கோடரி செய்த மாந்தர் வாழ்ந்தமைக்கு அன்றுவரை அறியப்பட்டவற்றுள் இதுவே மிகப் பழைய சான்றாக அமைந்தது.

பூஷே டி பேர்த் தாடையெலும்பைப் பற்றித் தவறினார். அக்குழியின் தொன்மையைப் பற்றித் தவறவில்லை. பரிசுக்காகச் செருகப்பட்ட சில கற்களும் ஓர் எலும்பும் உண்மையான சான்றுகளை ஒன்றரை நூற்றாண்டு காலம் மறைத்து நின்றன. பொய்ச்சான்று தான் நோக்கிய முடிவை மட்டும் கெடுப்பதில்லை. தன் அருகே கிடக்கும் மெய்ச்சான்றின் நம்பகத்தையும் அது கெடுத்துவிடுகின்றது. வரலாற்றிற்கு இழைக்கப்படும் தீங்குகளுள் இது கொடியது. மெய்யை நேசிப்போரே அதை நிறுவும் ஆர்வத்தாற் பொய்க்கு இடங்கொடுத்துவிடுகின்றனர் என்பதாலேயே அது மேலும் கொடியதாகின்றது.

முடிவுரை

சென்ற் அஷேலில் 1859 ஏப்ரல் 27 இல் எடுக்கப்பட்ட கைக்கோடரி பின்னர்ப் பலகாலம் எவராலும் இனங்காணப்படாது கிடந்தது. 2009 இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில், பிறெஸ்ற்விச்சின் சேகரிப்பினுள்ளே கிளைவ் காம்பிளும் றொபேட் குறுசின்ஸ்கியும் அதைக் கண்டறிந்தனர். அது அழகானதன்று; அதனினும் சிறந்த கைக்கோடரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றிடையே அதை இனங்காண உதவியது அதன்மீது ஒட்டப்பட்டிருந்த, இடமும் நாளும் எழுதிய சிறு கடதாசித் துண்டேயாகும்.

சுருங்கக் கூறின், சொம் பள்ளத்தாக்கின் வரலாறு மூன்று செய்திகளை வலியுறுத்துகின்றது. மனிதனின் தொன்மையை நிறுவியது கருவியின் வனப்பன்று, அது கிடந்த இடம். அவ்விடத்தைத் திறந்தவர் பெயரறியாத் தொழிலாளர். அதைப் பதிவுசெய்தவர் சுங்க அதிபதி, வைத்தியர், வணிகர், பாடசாலை ஆசிரியர் போன்ற பல தொழிலோர். சான்றை வெளிப்படுத்தும் அதே மண்வெட்டி அதை அழிக்கவும் செய்கின்றது; குறித்துவைக்கப்படாத குழிச்சுவர் ஒருமுறை வெட்டப்பட்டபின் மீள்வதில்லை. சரளையும் மணலும் கருங்கல்லும் அகழப்படும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் உலகெங்கும் உள்ளன. ஒரு கல்லை எடுத்துச் செல்பவன் ஒரு கல்லையே பெறுகின்றான். அது கிடந்த இடத்தை அளந்து எழுதியபின் எடுப்பவனே வரலாற்றின் ஓர் ஏட்டைப் பெறுகின்றான். அத்தகைய குழி ஒவ்வொன்றின் ஓரத்திலும் அளவுகோலும் குறிப்பேடும் கொண்ட ஒருவர் நிற்கவேண்டும் என்பதே சொம் பள்ளத்தாக்கு வரலாற்று மாணவரிடம் விடுக்கும் வேண்டுகோளாகும்.